பச்சைப் பெட்டியில் போட்ட கார்டு

திருவனந்தபுரம் என்றால் எனக்கு ஆகாது. அந்த ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை; கெடுதல் செய்தவன் நான்தான். இருந்தாலும் யாராவது என் எதிரில் உட்கார்ந்து, "என்ன சுத்தம், என்ன மரியாதை, என்ன மழை" என்று அந்த ஊரைப் புகழ ஆரம்பித்தால் வெற்றிலை துப்பப் போவதுபோல் எழுந்து போய்விடுவேன்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, ஒரு பங்குனி மாதம், எங்கள் கம்பெனி மூன்று பேரை அங்கே அனுப்பியது. திருநெல்வேலியில் எங்களுக்கு மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். போன லோடில் ஈரம், நிறமும் மங்கல் என்று அந்த ஊர் ஆரியசாலைக் கடைக்காரர்கள் கடுதாசி மேல் கடுதாசி போட்டிருந்தார்கள். நேரில் போய்ச் சமாதானம் சொல்லி, புதுச் சரக்கின் மாதிரியைக் காட்டி வரவேண்டும். சமாதானம் சொல்ல மேனேஜர் சண்முகம் பிள்ளை. சரக்கைக் காட்டச் செல்லையா அண்ணாச்சி. கடுதாசி எழுத நான்.

செல்லையா அண்ணாச்சிதான் எங்கள் கம்பெனியின் நாக்கு. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு வற்றலை எடுப்பார். உடைத்து மோந்து பார்ப்பார். காம்புப் பக்கம் கடித்து விதையோடு மென்று துப்பிவிட்டு, இது எந்தக் கரிசல், எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். முப்பத்தைந்து வயசு. எனக்கு அண்ணன் முறை. ஊரில் அவருடைய மனைவி கோமதி மதினி ஆறு மாதக் கர்ப்பம்.

காலையில் வண்டியை விட்டு இறங்கியதும் சுங்கச் சவுக்கையில் எங்களை நிறுத்தினார்கள். திருநெல்வேலிக்காரனுக்குத் திருவிதாங்கூர் வேறு ராஜ்யம் என்பது அங்கேதான் உறைக்கும். உத்தியோகஸ்தர் ஒருவர், என்ன கடத்தல் இருக்கிறதோ என்று எங்கள் மாதிரிச் சரக்கு மூட்டைக்குள் தலையை விட்டார். ஏழு தும்மல் தும்மினார். எட்டாவதுக்கு முன்னால் போகச் சொல்லிவிட்டார். அந்தப் பயணத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆரியசாலையில் மாதேவன் பிள்ளை கடைக்கு மேலே மாடியில் எங்களுக்கு இடம். அவருடைய தாத்தா காலத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த குடும்பம். பேச்சு தமிழ்தான், ஆனால் பாதி வாக்கியத்தில் ஏறி இறங்கி மலையாளமாகப் போய் முடியும். "வரணும், வரணும். யாத்திரையெல்லாம் சுகமா இருந்துதோ? ஆதியம் குளிச்சிட்டு ஊணு கழிக்கலாம், கேட்டோ" என்று உபசரித்தார். ஆதியம் என்றால் முதலில், ஊணு என்பது சாப்பாடு. சிவப்பு அரிசிச் சோறு, ஒவ்வொரு பருக்கையும் கொட்டைப்பாக்கு மாதிரி. எதிலும் தேங்காய், எதிலும் தேங்காய் எண்ணெய். மேனேஜர் ரசத்தையே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நம்ம ஊரில் கைதிக்கு இதைவிட நல்ல சோறு" என்று என் காதில் சொன்னார்.

சாப்பாட்டோடு அங்கே பச்சைத் தண்ணீர் வைப்பதில்லை. சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரைத்தான் லோட்டாவில் ஊற்றுகிறார்கள். நமக்கோ பங்குனி வெயிலில் மண்பானைத் தண்ணீர் இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. இருந்தாலும் நானும் மேனேஜரும் ஊதி ஊதிக் குடித்தோம். அண்ணாச்சியால் முடியவில்லை. பகல் முழுவதும் எட்டுக் கடை ஏறி இறங்கி, அவர்கள் சரக்கையும் நம் சரக்கையும் மாறி மாறி மென்று காட்டியிருந்தார். வாயெல்லாம் வெந்துபோய்க் கிடந்தது. எரிகிற வாயில் எப்படி வெந்நீரை ஊற்றுவது? ஒவ்வொரு கடையிலும் பின்கட்டுக்குப் போய், தொட்டியிலோ கிணற்றடியிலோ கண்ட தண்ணீரை மொண்டு குடித்தார்.

ஒரு கடையில் மூட்டை சுமப்பவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் ஏதோ கத்தினான். மாதேவன் பிள்ளை எங்களுக்குத் தமிழில் சொன்னார். "அந்தத் தண்ணி குடிக்கிறதுக்கு உள்ளது இல்ல, கை கழுவத்தான்னு சொல்றான்." அண்ணாச்சி சிரித்துக்கொண்டே இன்னொரு செம்பு குடித்தார். வியாபாரம் நன்றாக நடந்தது. சாயங்காலத்துக்குள் எட்டுக் கடையும் சமாதானம் ஆகிவிட்டன.

மறுநாள் திங்கட்கிழமை விடியும்போதே அண்ணாச்சிக்கு வயிற்றுப்போக்கு. எட்டு மணிக்குள் நாலு தடவை. மேனேஜர், தேங்காய் எண்ணெயின் வேலை என்று தீர்ப்புச் சொல்லி ஓமம் மென்று தின்னக் கொடுத்தார். ஒன்பது மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. நான் பயந்துபோய், "ஊருக்கு ஒரு தந்தி அடிச்சிருவோமா?" என்று கேட்டேன்.

சுவரில் சாய்ந்து கிடந்த அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தந்தி வேண்டாம்டே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு கோமதி மதினியின் தகப்பனார் தவறியபோது சங்கரன்கோவிலிலிருந்து தந்தி வந்தது. எங்கள் பக்கம் தந்தி என்றால் சாவு. வேறு எதற்கும் யாரும் தந்தி அடித்துப் பார்த்ததில்லை. சேவகன் வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டதுமே, பிரிக்காமலே, மதினி படியிலிருந்து விழுந்தாள். ஐந்து மாதப் பிள்ளை போய்விட்டது. அதற்கு முந்தினதும் தங்கவில்லை. இப்போது வயிற்றில் இருப்பது மூன்றாவது.

"நான் வெள்ளிக்கிழமை வந்துருவேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். ஒரு நாள் கூடுதலாச்சுன்னாலும் பயந்துருவா. ஒரு கார்டு போதும். நானே எழுதுதேன். எழுத்தைப் பாத்தா நம்புவா" என்றார்.

என் பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுபோன கார்டு ஒன்று இருந்தது. பென்சிலால் எழுதினார். சுவரில் சாய்ந்தபடியே மெதுவாக எழுதினார். 'இங்கு சரக்கு நல்லபடி போயிற்று. எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை. நீ கவலைப்படாதே. வெயிட் எதுவும் தூக்காதே. வெள்ளிக்கிழமை இல்லாவிட்டால் சனிக்கிழமை அவசியம் வந்துவிடுவேன்.' தேதி போடவில்லை. எழுதி முடித்த கையோடு திரும்பி வாந்தி எடுத்தார்.

கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பழவங்காடி பிள்ளையார் கோயில் முக்கில் ஒரே கூட்டம். அன்றைக்குப் பெரிய கோயில் ஆறாட்டு. சாயங்காலம் சுவாமியும் மகாராஜாவும் கடலுக்குப் போகிற திருநாள். தேங்காய் உடைக்கிறவர்களுக்கு நடுவில் ஆறு பட்டையாக ஒரு இரும்புப் பெட்டி நின்றது. பச்சை வர்ணம், மேலே சங்கு முத்திரை, நடுவில் வாய். அதற்குள் போட்டுவிட்டு, வைத்தியரைத் தேடி ஓடினேன்.

வைத்தியர் அகப்படவில்லை, திருநாளுக்குப் போயிருந்தார். தேடி அலைந்துவிட்டுப் பிற்பகலில் திரும்பி வந்தால் மாதேவன் பிள்ளை மாடிப்படியில் நின்றிருந்தார். மூக்கில் துண்டு. முந்தின நாள் உபசாரம் ஒன்றும் முகத்தில் இல்லை.

"இது மற்றதாக்கும் சாரே. வாந்திபேதி. நீங்க இங்கேந்து மாறணும். முனிசிப்பாலிட்டிக்காரன் அறிஞ்சா கடையைப் பூட்டிப் போடுவான். எனக்கும் பிள்ளைகள் உண்டு, கேட்டோ." சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அவரே ஒரு குதிரை வண்டி பிடித்துக் கொடுத்தார்.

அந்த வண்டி பழவங்காடியைத் தாண்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. போலீஸ்காரன் கயிறு கட்டிவிட்டான். நாலு பக்கமும் ஜனம். மேனேஜர் இறங்கிப் போய்க் கும்பிட்டுக் கெஞ்சினார். போலீஸ்காரன் அவரைப் பார்க்காமலே, சுவாமி போன பிறகுதான் யாரும் போகலாம் என்று சொன்னான். வண்டிக்குள் அண்ணாச்சி தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண் உள்ளே போய், கை விரல் எல்லாம் ரொம்ப நேரம் ஆற்றில் கிடந்ததுபோல் சுருங்கிவிட்டது. காலையில் பார்த்த மனிதன் இல்லை அவர்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் நல்லபடி பார்த்தார்கள். தொத்து வியாதிக் கொட்டகையில் படுக்க வைத்து, ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி கண்ணைத் திறந்து பேசினார். பேசிய முதல் பேச்சு, "கார்டைப் போட்டியா?" என்பதுதான்.

"போட்டாச்சு அண்ணாச்சி. நாளைக்குக் கையில கிடைச்சிரும்" என்றேன்.

வெளியே வந்து முதலாளிக்கு ஒரு கடுதாசி எழுதினேன். அதைப் போட வாசலுக்கு எதிரே இருந்த பச்சைப் பெட்டியிடம் போனேன். கேட்டில் இருந்த சேவகன் என்னைக் கூப்பிட்டு, கடுதாசியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். அவன் மலையாளத்தில் சொன்னது இது: "பச்சைப் பெட்டி எங்கள் மகாராஜாவின் அஞ்சல். இந்த ராஜ்யத்துக்குள் போகிற கடுதாசிக்குத்தான். வெளிநாட்டுக்குப் போவதைச் சிவப்புப் பெட்டியில் போடவேண்டும், அது பிரிட்டிஷ் தபாலாபீசு."

திருநெல்வேலி அவனுக்கு வெளிநாடு. அண்ணாச்சியின் கார்டைப் பழவங்காடிப் பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டதை அவனிடம் சொன்னேன். நான் விழித்த விழியைப் பார்த்து அவனே வழி சொன்னான். பழவங்காடிப் பெட்டி திறக்கிற ஆபீசின் குமாஸ்தா ஸ்ரீவராகத்தில் குடியிருக்கிறார், தமிழர்தான், ஆபீசுக்குப் புறப்படுவதற்குள் போய்ப் பிடி என்றான்.

ஸ்ரீவராகத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு கோலம். குமாஸ்தா அய்யர் அப்போதுதான் சாப்பிட்டுக் கையலம்பிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "யாருன்னா அது?" என்றது. "யாரோ பாண்டிக்காரா" என்று பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பாண்டிக்காரன் என்றால் தமிழ்ச் சீமைக்காரன்; அவர் முன்னோரும் எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்திருப்பார்கள். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு அப்போது நேரமில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"நேத்திக்கு ஆறாட்டு, லீவு. பொட்டியே திறக்கலை. இன்னிக்குத் திறந்து, பிரிட்டிஷ் கார்டு இருந்தாத் தனியா எடுத்து வெச்சு, நாளைக்கு அவா ஆபீசுக்கு அனுப்புவோம். அவா நாளன்னிக்கு சீல் குத்தி அனுப்புவா."

"பெட்டி திறக்கும்போது நான் வந்து நிக்கிறேன். எடுத்துத் தந்துருங்க சாமி."

"அதெப்படித் தரறது? பொட்டிக்குள்ள விழுந்துடுத்தோன்னோ, இனி அது உம்மோடது இல்லை. மேல்விலாசக்காராளோடது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படி. "உடம்பு தேவலைன்னு எழுதின கார்டுதானே? ரெண்டு நாள் தாமதமாப் போனா என்ன?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. அண்ணாச்சி பேசுகிறார், கஞ்சி கேட்கிறார். எப்படியும் வார முடிவுக்குள் ஊர் திரும்பிவிடுவோம். கார்டுக்கு முன்னால் ஆளே போய் நிற்பார். முதலாளி கடுதாசியைச் சிவப்புப் பெட்டியில் போட்டபோதே இன்னொரு கார்டும் வாங்கிப் போட்டிருக்கலாம். தபாலாபீசு நடக்கிற தூரம்தான். போடவில்லை. போட்டால் அண்ணாச்சியிடம் மறுபடி எழுதி வாங்க வேண்டும். முதல் கார்டை முட்டாள்தனமாகத் தொலைத்ததைச் சொல்லவேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அன்று பகலெல்லாம் அண்ணாச்சி நன்றாகவே இருந்தார். மேனேஜர் பழவங்காடியில் விடலைத் தேங்காய் போட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் அண்ணாச்சி, "கார்டு இப்ப கோவில்பட்டி தாண்டியிருக்குமா?" என்று கேட்டார். தபால் எந்த வழியாகப் போகிறது என்பது அவருக்குக் குழம்பிவிட்டது. "தாண்டியிருக்கும்" என்றேன்.

புதன்கிழமை சூரியன் கிளம்புகிற நேரத்தில் மூத்திரம் கட்டி, பேச்சு நின்று, ஏழு மணிக்கு இறந்துபோனார். டாக்டர் மேனேஜரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வாந்திபேதிப் பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். மத்தியானத்துக்குள் எரித்தாக வேண்டும். மேனேஜர் தந்தியாபீசுக்குப் போய் முதலாளி பெயருக்குச் செய்தி அனுப்பினார். முதலாளி வீட்டு அம்மாள் போய்ப் பக்குவமாகச் சொல்லட்டும் என்று ஏற்பாடு. அதன்பிறகு யார் கொள்ளி வைப்பது என்ற கேள்வி வந்தது. மேனேஜருக்குத் தகப்பனார் எண்பது வயசில் திடமாக இருக்கிறார். தகப்பன் இருக்கிறவன் தலையைச் சிரைத்துக்கொண்டு கொள்ளி வைக்கக்கூடாது. எனக்குத் தகப்பனார் இல்லை. தம்பி முறையும் ஆகிறது.

நாவிதன் என் தலையையும் மீசையையும் சிரைத்தான். வெயில் மண்டையில் நேராக இறங்கியது. சுமந்துவந்த நாலு பேரும் முனிசிப்பாலிட்டி ஆட்கள். ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. அவருக்கு வாய்க்கரிசி போட்டபோது உதட்டில் மிளகாய்க் காரம் பட்ட புண் அப்படியே இருந்தது. நான் அழுதேன். அதுவரை அழவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது மேனேஜரிடம் கார்டைப் பற்றிச் சொன்னேன். நடந்ததை முழுதும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தந்தி போயாச்சு. பின்னாலே கார்டு போனா என்ன செய்துரும்? கடைசியா அவன் கையால எழுதினது. அந்தப் பிள்ளை அதையாவது வச்சுக்கிடட்டும்" என்றார். பெரிய மனசோடுதான் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

வியாழக்கிழமை எங்களுக்கு அம்மைப்பால் குத்துவதுபோல் ஊசி குத்தினார்கள், துணிகளை வெள்ளாவி வைத்துக் கொடுத்தார்கள், அதன்பிறகே விட்டார்கள். வண்டியில் எதிரே ஒரு குடும்பம் நேந்திரங்காய் வறுவல் தின்றுகொண்டு, ஆறாட்டுக்கு எத்தனை யானை வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தது. எங்களுக்கும் நீட்டினார்கள். மேனேஜர் ஒன்று வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை திருநெல்வேலியில் இறங்கினோம். எங்கள் வண்டியிலிருந்தே தபால் மூட்டைகளையும் இறக்கிப் போட்டார்கள். ஸ்டேஷனுக்கு முதலாளியின் ஆள் வந்திருந்தார். ஆற்றில் குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் செல்லையா வீட்டுக்குப் போகவேண்டும், கர்ப்பிணி இருக்கிற வீடு என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். நியாயம்தான். தாமிரபரணியில் முங்கி எழுந்தோம். எனக்கு மதினியின் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாததால் நான் குளித்தது கொஞ்சம் அதிக நேரம். மேனேஜர் முதலாளியிடம் விவரம் சொல்லிவிட்டுப் பின்னால் வருவதாகப் பிரிந்து போனார். வெயிலுக்கும் வெட்கத்துக்குமாகத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அண்ணாச்சி வீடு இருக்கிற சிந்துபூந்துறைக்கு நடந்தேன்.

தெருமுனையில் அழுகைச் சத்தம் கேட்குமென்று நினைத்தேன். கேட்கவில்லை. வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கார்டை மூக்குக்கு நேரே பிடித்திருந்தார்.

"நல்லாப் பாருங்க. சீல்ல தேதி நேத்தையது. தந்தி முந்தாநாள் வந்தது. செத்தவன் மறுநாள் கார்டு போடுவானா? தந்திக்காரன் எவன் பேரையோ மாத்தி அடிச்சுட்டான். இங்கிலீஸ்ல அடிக்கான், ஒரு எழுத்து மாறினா ஆளே மாறிப்போகும்" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். ஒருவன் என் முதுகில் தட்டி, "அந்தா, கூடப் போனவனே வந்துட்டான்" என்றான்.

கோமதி மதினி நடுவீட்டில் நின்றாள். இரண்டு நாள் அழுத கண் வீங்கியிருந்தது. ஆனால் அப்போதுதான் குளித்திருந்தாள். நெற்றியில் குங்குமம் ஈரமாக இருந்தது. யாரோ அவசர அவசரமாகப் பிச்சிப்பூ வைத்துவிட்டிருந்தார்கள். அடுப்பில் ஏதோ தாளிக்கிற மணம் வந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க தம்பி. அவுஹ எங்க? ஸ்டேஷன்ல மூட்டை எறக்குதாவளா? பாத்தியளா தம்பி, இந்தத் தந்திக்காரன் ரெண்டு நாளா என்னக் கொன்னுட்டான். அவுஹ எழுத்து எனக்குத் தெரியாதா? வெயிட்டு தூக்காதேன்னு எழுதியிருக்காவ பாருங்க. வேற யாரு எனக்கு அப்படி எழுதுவா?"

  ஸ்டேஷனிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து தெருவுக்கும் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தையெல்லாம் அழுகிற மதினிக்காகத் தயார் செய்தவை. எனக்குப் பின்னால் தெருவே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மதினி என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். மீசையில்லாத மேலுதட்டைப் பார்த்தாள். அவள் கீழே விழுந்துவிடுவாள் என்று நான் கையை நீட்டினேன். விழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல, தானே தரையில் உட்கார்ந்தாள்.

"யாரு கொள்ளி வச்சா?" என்று கேட்டாள்.

"நாந்தான் மதினி."

வாத்தியார் கையிலிருந்த கார்டைப் பார்த்தாள். "அப்ப அது?"

"அதுவும் நாந்தான் போட்டேன்" என்றேன்.